ஆயுதக் குழுக்கள் ஏன் வானொலி நடத்துகின்றன?

கெரில்லாப் படைக்கு முதல் தேவை மறைவு. எங்கே இருக்கிறோம் என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. வானொலி டிரான்ஸ்மிட்டரோ, முடுக்கிவிட்ட கணத்திலிருந்து இருக்கும் இடத்தை எல்லாத் திசையிலும் கத்திச் சொல்லும் கருவி. எடை அதிகம். ஜெனரேட்டர் வேண்டும், எரிபொருள் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். இத்தனை தொல்லையையும் சுமந்துகொண்டு, கியூபா மலைகளிலிருந்து வன்னிக் காடு வரை பல ஆயுதக் குழுக்கள் ஏன் வானொலி நடத்தின?

பிரச்சாரத்துக்கு என்று சட்டென்று சொல்லிவிடலாம். பாதிதான் சரி. பிரச்சாரம் மட்டும்தான் நோக்கம் என்றால் துண்டறிக்கை போதும், இரவோடு இரவாகச் சுவரில் எழுதிவிட்டுப் போகலாம். வானொலி வேறு வகை. குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட அலைவரிசை, அறிமுக இசை, செய்தி வாசிப்பவரின் நிதானமான குரல் எல்லாம் அரசாங்கத்தின் அடையாளங்கள். அவற்றை ஒரு குழு தானே செய்துகாட்டும்போது, வாயால் சொல்லாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறது: இங்கே இன்னொரு அரசாங்கம் நடக்கிறது. நேற்று குண்டு விழுந்தது, இன்று மாலையும் அதே நேரத்துக்குச் செய்தி வந்துவிட்டது என்றால், அன்றைய முக்கியச் செய்தி அதுதான். வாசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் காலத்து உதாரணங்கள் பலவற்றுக்கும் முன்னோடி கியூபா. சியரா மேஸ்த்ரா மலைத்தொடரில் சர்வாதிகாரி பாட்டிஸ்டாவின் அரசை எதிர்த்துப் போராடிய ஃபிடல் காஸ்ட்ரோவின் குழுவுக்காக, 1958 பிப்ரவரி 24-ல் சே குவேரா 'ரேடியோ ரெபெல்தே'யைத் தொடங்கினார். சிறிய சிற்றலை நிலையம். முதலில் மலையைத் தாண்டிக் கேட்டவர்கள் அதிகமில்லை. போகப் போக வெனிசுவேலா போன்ற நாடுகளின் நிலையங்கள் அதை வாங்கி மறுஒலிபரப்பு செய்தன. நாட்டுக்குள் தணிக்கை செய்யப்பட்ட செய்தி, வெளிநாடு போய்ச் சுற்றிக்கொண்டு வீட்டு வானொலிக்குள் வந்து சேர்ந்தது. 1959 ஜனவரி 1 அன்று பாட்டிஸ்டா ஓடிப்போனதும் ராணுவத் தளபதிகள் இடைக்கால ஆட்சி ஒன்றை அமைக்கப் பார்த்தார்கள். அதை ஏற்க முடியாது, நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்யுங்கள் என்று ஃபிடல் காஸ்ட்ரோ அறிவித்தது இந்த வானொலியில்தான். பத்து மாத வயது நிலையம் ஒரு நாட்டின் ஆட்சி மாற்றத்தில் கை வைத்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும். அதனால் நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். ஒலி மட்டும் கரகரவென்று இருக்கும். எஃப்எம் தெளிவாகக் கேட்கும், ஆனால் ஏறத்தாழ கண்ணுக்கு எட்டும் தூரம்தான். உயரமான கோபுரமோ மலையுச்சியோ வேண்டும். ஆகவே ஓடிக்கொண்டே இருக்கும் குழு சிற்றலையை நாடும். நிலத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்ட குழு எஃப்எம்முக்கு வரும். ஒரு குழு எந்த அலையில் பேசுகிறது என்பதை வைத்தே அதன் கையில் நிலம் இருக்கிறதா இல்லையா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எதிர்த்தரப்புக்கு இரண்டு வழிகள். ஒன்று, திசை காட்டும் ஆன்டெனாக்களை இரண்டு மூன்று இடங்களில் வைத்து, அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றிலும் கோடு போடுவது. கோடுகள் வெட்டும் இடத்தில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். இதிலிருந்து தப்பத்தான் குறுகிய நேர ஒலிபரப்பு, அடிக்கடி இடம் மாற்றுவது, பேசும் அறையையும் ஆன்டெனாவையும் தள்ளித் தள்ளி வைப்பது எல்லாம். இரண்டாவது வழி, அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி அமுக்குவது, அதாவது ஜாமிங்.

இந்த ஜாமிங் நினைத்தபடி எப்போதும் வேலை செய்வதில்லை. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரின்போது, 1956 டிசம்பரில் தேசிய விடுதலை முன்னணியின் 'போராடும் அல்ஜீரியாவின் குரல்' ஒலிக்கத் தொடங்கியது. அதுவரை பல அல்ஜீரியக் குடும்பங்கள் வானொலிப் பெட்டியை பிரெஞ்சுக்காரர்களின் சாமான் என்று ஒதுக்கி வைத்திருந்தன. இப்போது கடைகளில் பெட்டிகள் பறந்தன. பிரெஞ்சு நிர்வாகம் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது, ஒலிபரப்பை இரைச்சலால் மூடியது. அங்கே மனநல மருத்துவராக இருந்து பிறகு அந்த முன்னணியில் சேர்ந்த ஃபிரான்ட்ஸ் ஃபனான், மக்கள் கூடி வானொலி கேட்ட அறைகளில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் மட்டும் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இரைச்சலுக்கு நடுவே அங்கொரு சொல், இங்கொரு சொல் அகப்படும். அவர் அதைக் கோத்துச் சொல்வார். ஒலிபரப்பு முடிந்ததும், இன்ன ஊர்ச் சண்டையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று யாராவது கேட்பார்கள். அவர் கேட்டிருக்கவே மாட்டார், ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பேசுபவர் பாதி, மீதியைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். பிரச்சாரம் என்றதும் மேலிருந்து கொட்டப்படும் ஒன்றாகவே நினைக்கிறோம். நம்ப விரும்புகிறவருக்கு இரைச்சலே போதும்.

கேட்பதே குற்றமாக இருந்த இடங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் நடத்திய 'ரேடியோ ஃப்ரீடம்', நாட்டுக்கு வெளியே இருந்து, ஜாம்பியா, தான்சானியா, அங்கோலா போன்ற நாடுகள் கொடுத்த வசதியில் ஒலித்தது. தொடக்கத்தில் இயந்திரத் துப்பாக்கிச் சத்தம் வரும். நிறவெறி அரசின் சட்டப்படி அதைக் கேட்டவர்களுக்கு எட்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஒலியைக் குறைத்து, போர்வைக்குள் வைத்துக் கேட்கும் ஒரு நிலையத்துக்குத் தனிச் செல்வாக்கு வந்துவிடுகிறது. தடை போட்ட அரசே அதை ஏற்படுத்திக் கொடுக்கிறது.

சரி, இந்த வானொலிகள் சொன்னது உண்மையா?

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரை எடுத்துக்கொள்வோம். 1981 ஜனவரி 10-ல், அரசை எதிர்த்த எஃப்எம்எல்என் என்ற கெரில்லாக் கூட்டணியின் பெருந்தாக்குதல் தொடங்கிய அன்றே, மொராசான் மலைப்பகுதியில் 'ரேடியோ வென்செரேமோஸ்' முதன்முதலாக ஒலித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எல் மோசோத்தே என்ற கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அட்லகாட்ல் என்ற ராணுவப் பட்டாலியன் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. அதை முதலில் வெளியுலகுக்குச் சொன்னது இந்த வானொலி. கெரில்லாக்களின் கட்டுக்கதை என்று அரசு ஒதுக்கித் தள்ளியது. 1982 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் இரண்டும் செய்தி வெளியிட்ட பிறகும், சால்வடார் அரசை ஆதரித்த அமெரிக்க அரசு நம்ப மறுத்தது. போர் முடிந்து 1992-ல் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே கட்டடத்தின் இடிபாடுகளில் மட்டும் 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகள்.

ஆகவே, ஆயுதக் குழு சொல்வது எல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதே வானொலியின் இன்னொரு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்லகாட்ல் பட்டாலியனின் தளபதியாக இருந்த டொமிங்கோ மொன்டெரோசாவுக்கு இந்த டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துவிட வேண்டும் என்பதில் தீராத வெறி. அது தெரிந்த கெரில்லாக்கள், வெடிமருந்து அடைத்த ஒரு டிரான்ஸ்மிட்டரை அவருடைய ஆட்கள் கண்ணில் படும்படி விட்டுப் போனார்கள். 1984 அக்டோபர் 23 அன்று ஹோவாத்தேகா என்ற ஊரிலிருந்து அந்தப் பரிசுப் பொருளோடு அவர் ஏறிய ஹெலிகாப்டர் வானத்தில் வெடித்துச் சிதறியது. உண்மையைச் சொன்ன அதே வானொலியின் பெயரே தூண்டிலும் ஆயிற்று. இப்படிப்பட்ட நிலையத்தைச் செய்தி நிறுவனம் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது, ஆயுதம் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது.

நமக்கு நெருக்கமான உதாரணத்துக்கு வருவோம். தமிழீழ விடுதலைப் புலிகளின் 'புலிகளின் குரல்' 1990-ல் தொடங்கியது. செய்தி, பாடல், நாடகம், களத்தில் இறந்தவர்கள் பற்றிய அறிவிப்பு எல்லாம் அதில் இருந்தன. ஆண்டுதோறும் நவம்பர் 27-ல் வேலுப்பிள்ளை பிரபாகரனின் மாவீரர் நாள் உரை அதன் உச்சம். அந்த உரைக்காக ஆதரவாளர்கள் காத்திருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. கொழும்பில் இருந்த பத்திரிகையாளர்களும் தூதரகங்களும்கூடக் காத்திருந்தார்கள். போரா, பேச்சா என்பதற்கான குறிப்பை அந்த உரையில்தான் தேடினார்கள். ஓர் ஆயுதக் குழுவின் ஒலிபரப்பை அதன் எதிரியும் தவறாமல் கேட்டாக வேண்டிய நிலை வந்துவிட்டால், அந்தக் குழு பாதி அங்கீகாரத்தை வாங்கிவிட்டது என்று சொல்லலாம்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இந்த அங்கீகாரச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. புலிகளுக்கான எஃப்எம் கருவிகள், சமரசம் பேசிவந்த நார்வேயின் தூதரகம் வழியாக நாட்டுக்குள் வந்தன. அதிபர் சந்திரிகா குமாரதுங்க கடுமையாக எதிர்த்தார். டிரான்ஸ்மிட்டர் ஒரு பெட்டிதான். ஆனால் உரிமம் கொடுத்தால் தனியரசை ஏற்றதுபோல் ஆகும், கொடுக்காவிட்டால் சட்டத்துக்கு வெளியே ஒலித்துக்கொண்டே இருக்கும். அமைதிப் பேச்சுகளில் இந்தச் சிக்கல் எப்படியாவது தலைகாட்டிவிடும்.

அப்புறம் தொலைக்காட்சி. 2005-ல் தொடங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியாகப் போனது. தொலைக்காட்சிக்குச் செலவு பல மடங்கு, அதோடு ஒரு புதுப் பலவீனமும் சேரும். காட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டரை அணைக்கப் படை அனுப்ப வேண்டும். செயற்கைக்கோள் ஒளிபரப்பை நிறுத்த, அந்த நிறுவனம் இருக்கும் நாட்டு அரசிடம் பேசினால் போதும். தன் செயற்கைக்கோளைப் புலிகள் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்ற புகாரில் இன்டெல்சாட் நிறுவனம் 2007 ஏப்ரலில் அந்த ஒளிபரப்பை நிறுத்தியது. புலிகள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். லெபனானின் ஹிஸ்புல்லா நடத்தும் 'அல்-மனார்' (தொடக்கம் 1991) 2004 டிசம்பரில் பிரான்சில் இப்படித்தான் தடைபட்டது. யூத வெறுப்பு நிகழ்ச்சிகளைக் காரணம் காட்டி, அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் யூட்டல்சாட் நிறுவனத்தை நிறுத்தச் சொன்னது. குர்து மக்களுக்கான 'ரோஜ் டிவி' டென்மார்க் உரிமத்தில் இயங்கியது. துருக்கியில் ஆயுதம் ஏந்திப் போராடிய பிகேகே என்ற குர்து அமைப்பை அது வளர்க்கிறது என்று கோபன்ஹேகன் நீதிமன்றம் 2012-ல் அபராதம் போட்டது. குண்டு விழாத இடத்தில் வழக்கு விழுகிறது.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: இப்படிப்பட்ட நிலையத்தின் மேல் குண்டு போடலாமா?

சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தின்படி வானொலி நிலையம், தொலைக்காட்சி நிலையம் எல்லாம் அடிப்படையில் பொதுமக்கள் சார்ந்த இடங்கள். ராணுவச் செயல்பாட்டுக்கு உண்மையிலேயே உதவினால்தான், உதாரணமாகப் படைகளுக்கு உத்தரவு அனுப்பும் கருவியாகப் பயன்பட்டால்தான், இலக்காகலாம். பிரச்சாரம் செய்கிறது, போராளிகளுக்கு ஊக்கம் கொடுக்கிறது என்பது மட்டும் போதாது. நடைமுறையில் எல்லாத் தரப்பும் தன் வசதிக்கேற்பத்தான் இதைப் படிக்கிறது. 1999 ஏப்ரல் 23-ல் பெல்கிரேடில் செர்பிய அரசுத் தொலைக்காட்சி நிலையத்தை நேட்டோ தாக்கியதில் 16 ஊழியர்கள் இறந்தார்கள். அது அரசு நிலையம், இருந்தாலும் கேள்வி அதேதான். பிரச்சாரத்தை நிறுத்துவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அந்தத் தாக்குதல் சட்டப்படி சரியா என்பது சந்தேகமே என்றுதான் அதை ஆராய்ந்த குழு எழுதியது. 2007 நவம்பர் 27-ல், மாவீரர் நாள் உரைக்குச் சற்று முன்பு, கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தை இலங்கை விமானப்படை தாக்கியது. நிலைய ஊழியர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் கண்டித்தார். உரை அன்றே ஒலிபரப்பானது. 2006 ஜூலையில் அல்-மனார் கட்டடத்தை இஸ்ரேல் தரைமட்டமாக்கியபோதும் சில நிமிடங்களில் வேறிடத்திலிருந்து படம் வந்துவிட்டது. கட்டடத்தை இடிப்பது இறந்தவர்கள் எண்ணிக்கையைக் கூட்டியது. ஒலிபரப்பு நிற்கவில்லை. இந்த வழியைப் பரிந்துரைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறுத்தியே ஆக வேண்டிய ஒலிபரப்பு என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. ருவாண்டாவின் ஆர்டிஎல்எம் வானொலி 1993-ல் தொடங்கியபோது காட்டுக்குள் ஒளிந்த குழுவினுடையது அல்ல. முறையாகப் பதிவான தனியார் நிறுவனம், ஆளும் தரப்பின் தீவிரவாதிகளுக்கு நெருக்கமானது. நல்ல பாட்டுப் போட்டது, ஜோக் சொன்னது, நேயர்களைப் பேசவிட்டது. 1994-ல் டூட்சி மக்களுக்கு எதிரான இன அழிப்பு தொடங்கியதும், கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் வண்டி எண்களையும் வாசித்தது. ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டல்லேர் இதை ஜாம் செய்யச் சொல்லிக் கேட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை யோசித்துப் பார்த்து, செலவு ஆகும், சட்டச் சிக்கல் வரும் என்று விட்டுவிட்டது. நிலையத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஃபெர்டினான்ட் நஹிமானாவுக்கு 2003-ல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2007 மேல்முறையீட்டில் அது 30 ஆண்டாகக் குறைந்தது, ஆனால் இன அழிப்புக்கு வெளிப்படையாகத் தூண்டிய குற்றம் அப்படியே நின்றது. வேடிக்கை என்னவென்றால், அங்கே ஆயுதக் குழுவின் வானொலி என்று சொல்லத்தக்கது எதிர்ப்பக்கத்தில் இருந்தது: ருவாண்டா தேசபக்த முன்னணியின் 'ரேடியோ முஹாபுரா'. உரிமம் இருக்கிறதா, இல்லையா என்பது ஒரு நிலையத்தின் குணத்தைச் சொல்லாது.

அளவும் அப்படித்தான். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான் தலைவர் முல்லா ஃபஸ்லுல்லா நடத்தியது மலிவான, சிறிய எஃப்எம். மத போதனையாகத் தொடங்கி, பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுக்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றது. பிறகு போலியோ சொட்டு மருந்துக்கு எதிராகப் பேசியது. 2009 ஜனவரி 15-க்குப் பின் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பும் அந்த எஃப்எம்மில்தான் வந்தது. வீட்டுக்குள் நுழைய அதற்குக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை, அடுப்படியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

இவற்றைக் கேட்பவர், அல்லது இப்போது பழைய பதிவுகளைத் தேடிப் படிப்பவர், எதை நம்புவது? என் வழக்கம் இது. எதிரி இழப்பு எத்தனை என்று வரும் எண்ணிக்கையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவேன். அரசுத் தரப்பு எண்ணிக்கையையும் சேர்த்துத்தான். தன் பக்கம் இறந்தவர்களைப் பெயர், ஊரோடு வாசித்தால் அதற்கு மதிப்பு அதிகம். அந்தக் குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், புளுகினால் அடுத்த நாளே தெரிந்துவிடும். எதிரியின் அட்டூழியம் பற்றிய செய்தியை எல் மோசோத்தேயை நினைத்துக்கொண்டு படிப்பேன். உடனே நம்ப வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லாமல் விட்டதைத் தேட வேண்டும். குழுவின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியில் வரி வசூல், கட்டாய ஆள்சேர்ப்பு, மாற்றுக் கருத்து பேசியவர் காணாமல் போனது ஆகியவை அந்த மக்களுக்குத் தெரியும், அந்த வானொலிக்குத் தெரியாது. பிள்ளையை இழுத்துப் போனார்கள் என்று அழும் தாய்க்கு அங்கே ஒலிவாங்கி கிடைக்காது. வெளியே நடக்கும் கொடுமைக்குக் கூர்மையான காது, உள்ளே நடப்பதற்கு அடைத்த காது. உரிமைக்காகப் போராடும் குழு, வெறியைப் பரப்பும் குழு என்ற வித்தியாசம் இதில் பெரிதாக இல்லை. அப்படி ஒரு பகுதியில் வேறு குரலும் ஒலிக்கிறதா, மறுத்துப் பேச யாருக்காவது இடம் இருக்கிறதா என்பதுதான் நிலையத்தின் பெயரையும் கொள்கையையும்விட முதலில் கேட்க வேண்டியது.

போர் முடிந்த பின் இந்த நிலையங்கள் போன வழிகள் பல. 1992 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு ரேடியோ வென்செரேமோஸ் தலைநகருக்கு இறங்கி வந்து, விளம்பரம் போடும் சாதாரண எஃப்எம் ஆனது. மலைக்காலத்து நினைவுப் பொருள்களைப் பெர்கின் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், மொன்டெரோசாவின் ஹெலிகாப்டர் சிதைவுகளும் அங்கேதான் இருக்கின்றன. ரேடியோ ரெபெல்தே இன்றும் ஒலிக்கிறது, கியூபாவின் அரசு வானொலியாக. முக்கிய ஊடகங்கள் எதுவும் தனியார் கையில் இருக்கக் கூடாது என்று அந்நாட்டின் 2019 அரசியல் சட்டம் சொல்கிறது. அன்று பாட்டிஸ்டாவின் தணிக்கையை மீறிய அந்த நிலையத்துக்கு மறுப்புச் சொல்ல இன்று ஒரு கியூபக் குழு வானொலி தொடங்கினால், அதற்கும் உரிமம் கிடைக்காது.